குடிக்காத பாட்டிலுக்கு ஒரு மெமோ

நம் தொழிலில் முதல் பாடம் மருந்து அல்ல, எழுந்து நிற்பது. டாக்டர் உள்ளே வந்தால் நிற்க வேண்டும், வெளியே போனால் நிற்க வேண்டும், நம்மைப் பார்க்காமலே போனால் இன்னும் கொஞ்சம் விறைப்பாக நிற்க வேண்டும். மெடிக்கல் ரெப்பாக நான் பை தூக்கிய இருபத்திரண்டு வருஷத்தில் கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து நின்றிருக்கிறேன், கையில் பாயசத்தோடு. சினிமா தியேட்டரில் இடைவேளை முடிந்து படம் ஓடும்போது எழுந்து நின்று பின் வரிசையிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். மூன்று வரிசை தள்ளி யாரோ ஒரு டாக்டர் சீட்டு தேடிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

இப்போது விருப்ப ஓய்வில் இருக்கிறேன். விருப்பம் கம்பெனியுடையது, ஓய்வு என்னுடையது. புதிதாகப் பை தூக்கியிருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதச் சொல்லிச் சங்கத்தில் கேட்டார்கள். விற்பனையைப் பற்றி எழுதினால் என்னோடு வேலை பார்த்தவர்கள் சிரித்தே செத்துவிடுவார்கள். அதனால் வேறொன்று சொல்கிறேன். ஒரு டாக்டரைப் பற்றி நமக்குத் தெரிந்ததை எப்போது சொல்லக் கூடாது என்பது பற்றி. இதை நான் புத்திசாலித்தனத்தால் கற்றுக்கொள்ளவில்லை. பயத்தால் கற்றுக்கொண்டேன். எனக்கு எல்லாமே அப்படித்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் நன்றாகக் குடித்துக்கொண்டிருந்தேன். இப்படிச் சொன்னால் உங்களில் பாதிப் பேர், “அதுக்கென்ன சார்?” என்பீர்கள். நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன், காலை பதினோரு மணிக்கு, பெப்பர்மின்ட்டை வாயில் அடக்கிக்கொண்டு.

அடையாறில் ஒரு டாக்டரம்மா இருந்தார். ஒரு நாள் மாலை ஐந்து மணிக்கு அவரிடம் எங்கள் புது மாத்திரையைப் பற்றி விளக்கிவிட்டு, சாம்பிள் கொடுத்துவிட்டு, வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன். வந்து ஓர் இடத்தில் உட்கார்ந்தேன். பிறகு ஏழு மணிக்குப் புத்துணர்ச்சியோடு எழுந்து போய், அதே டாக்டரம்மாவிடம் அதே மாத்திரையைப் பற்றி அதே படங்களைப் புரட்டிக் காட்டி முதலிலிருந்து விளக்கினேன். சாம்பிளும் கொடுத்தேன். அவர் குறுக்கே பேசவே இல்லை.

“முடிஞ்சுதா?” என்றார்.

“முடிஞ்சுது டாக்டர்.”

“இதையேதான் அஞ்சு மணிக்கும் சொன்னீங்க. அப்ப கொஞ்சம் நல்லா சொன்னீங்க.”

தரை பிளந்து என்னை விழுங்கவில்லை. அடையாறில் தரை கெட்டி. டாக்டரம்மா மருந்துச் சீட்டை இழுத்தார். அந்தச் சீட்டில் எங்கள் கம்பெனி மருந்தின் பெயரை அவர் ஒரு தடவையாவது எழுத வேண்டும் என்று மூன்று வருஷம் தவம் கிடந்தவன் நான். அவர் எழுதியது இது: செவ்வாய், மாலை ஆறரை, மயிலாப்பூர், இன்ன மாதாகோயில் பள்ளிக்கூடம், பின் கட்டிடம்.

“இது என்ன டாக்டர்?”

“குடியை விட்டவங்க, விடப் பாக்கறவங்க, அவங்களே சேர்ந்து உக்காந்து பேசற இடம். டாக்டர் கிடையாது, மருந்து கிடையாது.”

பதற்றத்தில் என் வாய் தானாகக் கேட்டது: “எத்தனை நாளைக்கு டாக்டர்?”

“முதல்ல ஒரு நாள் போங்க.”

செவ்வாய்க்கிழமை வந்தது. ஐந்தரை மணிக்கே போய்க் கபாலி கோயில் குளத்தை ஸ்கூட்டரில் நாலு சுற்று சுற்றினேன். பிரதட்சணம் என்று யாராவது நினைத்திருந்தால் அந்தப் புண்ணியத்தையும் எடுத்துக்கொள்கிறேன். அந்தத் தெருவில் எனக்குத் தெரிந்த மருந்துக்கடை இரண்டு இருந்தன. ஒரு கடைக்காரர் கையசைத்தார். வேலையாக வந்தவன் போலப் பையை உயர்த்திக் காட்டிவிட்டுப் பள்ளிக்கூட வாசலுக்குப் போனேன்.

வாட்ச்மேன் கேட்டார்: “இன்னா சார், எங்க போணும்?”

“மீட்டிங்குக்கு.”

“எந்த மீட்டிங்கு? இங்க மூணு கீது.”

பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். வாட்ச்மேன் என் டையைப் பார்த்து இரக்கப்பட்டு, “பாட்டு கிளாஸா?” என்றார்.

“ஆமாம்” என்றேன். அவர் ‘தையல் கிளாஸா’ என்று கேட்டிருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன். மாடிக்கு அனுப்பினார். அங்கே கிறிஸ்துமஸுக்குப் பாட்டு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஆண்கள் வரிசையில் கடைசியாக நிறுத்திக் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். ‘பாட்டு கிளாஸ்’ என்பது வாட்ச்மேன் வைத்த மறைபெயர், இந்தக் கூட்டமே இப்படித்தான் ஆரம்பிக்கும் போலிருக்கிறது, முதலில் பாடவைத்து வெட்கத்தைப் போக்குகிறார்கள் என்று நினைத்தேன். நங்கநல்லூரில் ஆஞ்சநேயருக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்த நான் முக்கால் மணி நேரம் மனமுருகப் பாடினேன். பாட்டு வாத்தியார் என்னிடம் வந்து, “கீழ்க்குரல் நல்லா இருக்கு, அடுத்த வாரம் கண்டிப்பா வாங்க” என்றார். சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் பளிச்சென்று இருந்தார்கள். ஒருவருக்காவது கை நடுங்க வேண்டாமா?

கீழே இறங்கிப் பின்பக்கம் வந்தபோது, ஒரு மரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டிருந்த ஆள் என்னைக் கூப்பிட்டார். “யோவ் நைனா, நீ நம்ம ஆளுதானே? மாடில இன்னா பண்ணிக்கினு இருந்த?”

“எப்படிக் கண்டுபுடிச்சீங்க?”

“பையக் கட்டிப்புடிச்சிக்கினு கீறியே. மொத வாட்டி வரவன் எதையாச்சும் கட்டிப்புடிச்சிக்கினுதான் வருவான். நான் ஹெல்மெட்ட கட்டிப்புடிச்சிக்கினு வந்தேன். வண்டியே கெடையாது எனக்கு.”

இவருக்குப் பட்டினப்பாக்கம். படகு எஞ்சின் ரிப்பேர் செய்பவர். என்னைவிட ஆறு வயது சின்னவர், ஆனால் குடியை நிறுத்தியதில் என்னைவிட மூன்று வருஷம் பெரியவர். அந்தக் கூட்டத்தின் வழக்கப்படி இவர் பெயரை எழுத முடியாது. எஞ்சின்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் நடந்தது இரண்டாம் வகுப்பு அறையில். இருபது பெரிய மனிதர்கள் குட்டிப் பெஞ்சுகளில், முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு. விதி ஒன்றே ஒன்றுதான். உள்ளே பேர் மட்டும் போதும். என்ன வேலை, என்ன பதவி, எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, எதுவும் கேட்கக் கூடாது. கேட்டதையும் பார்த்ததையும் வெளியே கொண்டுபோகக் கூடாது.

இது நம் தொழிலுக்கு நேர் எதிர் என்பதைக் கவனியுங்கள். நம்மிடம் டாக்டருக்கு ஒரு கார்டு உண்டு. அவர் பிறந்தநாள், மனைவி பிறந்தநாள், பிள்ளை எந்தப் பள்ளி, மாமனார் என்ன வேலை, எல்லாம் அதில் வேண்டும். ‘விருப்பங்கள்’ என்று ஒரு கட்டம் வேறு. அந்தக் கட்டத்தை நிரப்பாத ரெப்புக்கு மேனேஜரிடம் மரியாதை இல்லை. நான் எல்லாக் கார்டையும் நிரப்பிவைத்திருந்தேன். அதனால்தான் அடுத்த தவறைச் செய்தேன்.

ஆறு வாரம் ஒரு சொட்டு தொடாமல் போய்வந்தேன். ஏழாவது செவ்வாய்க்கிழமை, கூட்டம் ஆரம்பிக்கும் முன் கதவருகே ஒருவர் வந்து தயங்கி நின்றார். ஐம்பத்தைந்து வயசு. சட்டையைப் பேன்ட்டுக்கு வெளியே விட்டிருந்தார், அடையாளம் தெரியாமலிருக்க. யாரும் அவரைப் பார்க்கவில்லை. அங்கே அதுவும் ஒரு நாகரிகம். புதிதாக வருபவரை உற்றுப் பார்க்க மாட்டார்கள்.

நான் பார்த்தேன். தி.நகரில் பெரிய டாக்டர் அவர் (ஏரியாவை மாற்றித்தான் எழுதுகிறேன், தேடாதீர்கள்). என் ஏரியா விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு அவர் பேனாவிலிருந்து வருவது. என் கால் எனக்குச் சொல்லாமலே எழுந்துகொண்டது. குட்டிப் பெஞ்சு பின்னால் சாய்ந்து தடாலென்று விழுந்தது. முதுகு நிமிர்ந்தது. வாய் முழுவதும் பல்லாக, அறை அதிர, “குட் ஈவினிங் டாக்டர்!” என்றேன்.

வலது கை, மருந்துப் படங்களைப் புரட்டிக் காட்டும் விஷுவல் எய்டை எடுக்கப் பைக்குள் போயிருந்தது. அது ஒன்றுதான் குறைச்சல்.

டாக்டர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். திரும்பி நடந்தார். கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

எஞ்சின்காரர் விழுந்த பெஞ்சைத் தூக்கி நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். “நல்ல வேல பண்ண நைனா. அந்தாளு இன்னும் பேரையே சொல்லல, நீ பட்டத்த சொல்லிட்ட.”

“தெரியாம...”

“தெரிஞ்சதாலதான் சொன்ன. தெரியாதவன் சும்மாதான் குந்திக்கினு இருந்தான்.”

அடுத்த செவ்வாய் டாக்டர் வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் வரவில்லை. நடுவில் வழக்கம்போல அவர் கிளினிக்குக்குப் போனேன். என் தலைக்கு மேல் சுவரைப் பார்த்தபடியே நான் சொல்வதைக் கேட்டார். சீட்டு எழுதும்போது, பேனா பிடித்த கையை மற்றொரு கையால் மணிக்கட்டில் பிடித்துக்கொண்டு எழுதினார். அது எதற்கு என்று எனக்குத் தெரியும். நானும் கையெழுத்துப் போட அப்படித்தான் பிடிப்பேன்.

அந்தக் கதவுவரை வந்து நிற்க அவருக்கு எத்தனை வருஷம் ஆனதோ! நான் மூன்றே வார்த்தையில் திருப்பி அனுப்பியிருந்தேன். “வாங்க டாக்டர், நான் யாரிடமும் சொல்லலை” என்று காலில் விழலாம். ஆனால் பக்கத்தில் நர்ஸ், கதவுக்கு வெளியே நாற்பது நோயாளி. அதோடு, “சொல்லலை” என்று சொல்வதே ஒரு விதமாகச் சொல்வதுதானே?

இந்த நிலையில் டிசம்பர் கடைசி வந்தது. வருஷம் பிறக்கும்போது டாக்டர்களுக்கு டைரி, காலண்டர் கொடுப்பது வழக்கம். பெரிய டாக்டர்கள் நாலைந்து பேருக்கு மட்டும் கம்பெனிக் கணக்கில் வராத ஒரு அன்பளிப்பும் உண்டு. திங்கட்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு அட்டைப்பெட்டியைக் கையில் வைத்தார்.

“ஸ்காட்ச்பா. பதினெட்டு வருஷத்து சரக்கு. தி.நகர் டாக்டருக்கு. உன் கார்டுலதான் போட்டிருக்கியே, விருப்பங்கள்ல.”

போட்டிருந்தேன். என் கையெழுத்துதான். போன இரண்டு வருஷமும் அவர் வீட்டுக்கு அந்தப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் இதே கைதான்.

“சார், இந்த வருஷம் டைரி மட்டும் போதுமே சார்?”

“ஏன்?”

“இல்ல... டைரி நல்லா இருக்கு சார்.”

“போடா. வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்து போறோம், நானே என் கையால கொடுக்கறேன். அதுவரைக்கும் நீயே வெச்சுக்கோ, எனக்கு நாளைக்கு வேலூர் டூர். உடைஞ்சுகிடைஞ்சு போச்சுன்னாலும் பதறாத. பாரிமுனைப் பக்கம் எனக்கு ஆள் இருக்கான், ஒரு மணி நேரத்துல இன்னொண்ணு வந்துடும்.”

எட்டு வாரமாகக் குடிக்காதவன் ஒருவன் மடியில் பதினெட்டு வருஷத்துச் சரக்கைத் தூங்கவைத்துவிட்டு அந்த மனுஷர் வேலூர் போனார்.

வீட்டில் பையைத் திறந்ததும் என் மனைவி பார்த்துவிட்டாள். “இது யாராத்துக்கு?”

“டாக்டருக்கு. கம்பெனி கொடுத்தது. வெள்ளிக்கிழமை கொடுக்கணும்.”

“டாக்டருக்கா, இல்ல டாக்டர் பேரைச் சொல்லிண்டு நம்மாத்துக்கா?”

சத்தியம் செய்யப் போனேன். என் சத்தியங்களை அவள் ரொம்பப் பார்த்தவள். பெட்டியைப் பிடுங்கிக்கொண்டுபோய்ச் சுவாமி அலமாரியில், ஆஞ்சநேயர் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

“அங்கேயாடி வெப்பா?”

“அங்கேதான். எடுக்கறதா இருந்தா அவர் மூஞ்சியைப் பாத்துண்டே எடுங்கோ.”

அன்று சாயங்காலம் மட்டும் பதினொரு தடவை சுவாமி அறைக்குள் போனேன். பக்கத்து வீட்டு மாமி என் மனைவியிடம், “உங்காத்துக்காரருக்கு இப்ப நல்ல பக்தி வந்துடுத்து” என்று பூரித்துப்போனாளாம். பன்னிரண்டாவது தடவை என் கை பெட்டியின் மேல் இருந்தது. எப்போது நீட்டினேன் என்பது எனக்கே தெரியாது. ஆஞ்சநேயர் ஒன்றும் சொல்லவில்லை. மனைவிதான் சமையலறையிலிருந்து, “காபி கலக்கட்டுமா?” என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. டவராவும் டம்ளரும் மட்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே வந்தன.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மதியத்துக்கு மேல் எந்த டாக்டரையும் பார்க்கவில்லை. பெட்டியோடு நேராகப் பட்டினப்பாக்கம் போனேன். எஞ்சின்காரர் கிரீஸ் கையோடு கேட்டுக்கொண்டார். டாக்டரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, வெறும் பாட்டில் கதைதான். அவருக்கும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

“வெள்ளிக்கெழம வரைக்கும் தாங்குவியா?”

“புதன்கிழமை வரைக்குமே தாங்க மாட்டேன்.”

“அப்ப இன்னா யோசன? வா.”

கடலோரம் மீன் கடைகளைத் தாண்டிக் கூட்டிப்போனார். அலையில் முழங்கால் அளவு நின்றோம். மூடியைத் திறந்தேன். அந்த வாசனையை உங்களுக்கு விவரிக்கப் போவதில்லை, எனக்காகத்தான். வலது கையில் பாட்டிலைச் சாய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். உதடு வேறு என்னையறியாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

மீன்கூடையோடு போன ஓர் அம்மாள் நின்று பார்த்தார். “இன்னா சாமி, டை கட்டிக்கினு யாருக்குத் திவசம் குடுக்குற?”

எஞ்சின்காரர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “அவருக்கேதான்கா.”

காற்று திரும்பியது. அந்த அம்மாளின் மூக்கு விடைத்தது. “அடப்பாவிங்களா, சரக்க ஊத்துறாங்கடோய்! இன்னிக்கி மீனு புடிச்சா நேரா நிக்காதுடோய்!” கரையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து வந்து பார்த்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கடைசிச் சொட்டு விழுந்ததும் எனக்கு அழுகை வந்தது. நிம்மதியா, துக்கமா என்று இன்றுவரை பிரித்துப் பார்க்கத் துணிச்சலில்லை. அன்று மாலைக் கூட்டத்துக்கு ஈரப் பேன்ட்டோடு போனேன்.

வெள்ளிக்கிழமை. மேனேஜரும் நானும் தி.நகர் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தோம். மூன்று நாளாக யோசித்தும் எனக்கு ஒரு வழியும் தோன்றியிருக்கவில்லை. பாட்டில் பற்றி மேனேஜர் முன்கூட்டியே கேட்டிருந்தால் ஏதாவது உளறியிருப்பேன். அவர் கேட்கவில்லை, என் பை கனமாக இருந்தது. நாலு டைரியும் ஒரு மேஜைக் காலண்டரும்.

உள்ளே கூப்பிட்டார்கள். நின்றோம், சிரித்தோம். மேனேஜர் பேசவேண்டியதைப் பேசிவிட்டு, “டாக்டர், நியூ இயருக்கு ஒரு சின்ன அன்பளிப்பு. உங்களுக்குப் பிடிச்சது. எடுப்பா” என்றார்.

டாக்டர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சுவரைவிட்டுக் கண்ணை இறக்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் பையைப் பார்த்தார். வேண்டாம் என்று கெஞ்சும் கண்ணும் சீக்கிரம் எடு என்று அதட்டும் கண்ணும் ஒரே முகத்தில் இருப்பதை நான் என் வீட்டுக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

பைக்குள் கையை விட்டு ஒவ்வொரு டைரியாகத் தடவினேன். அந்தச் சில நொடிகளில் மூளை ஓடிய ஓட்டத்தில் பாதி ஓட்டம் என் ஏரியாவில் ஓடியிருந்தால் நான் ஜோனல் மேனேஜர் ஆகியிருப்பேன். மறந்துட்டேன் என்றால், “போய் எடுத்துட்டு வா” என்பார். உடைந்துவிட்டது என்றால் பாரிமுனை ஆள் இருக்கிறான். டாக்டர் இப்போது குடிக்கறதில்லை என்றால், “உனக்கெப்படித் தெரியும்?” என்பார். அதற்கு நான் எந்தப் பதில் சொன்னாலும் அது அடுத்த வாரம் கார்டில் ஏறிவிடும். பிறகு கார்டைப் பார்க்கிறவனுக்கெல்லாம் தெரியும்.

“சார், நான் குடிச்சுட்டேன்” என்றேன்.

மேனேஜர் சிரித்தார். “இவன் எப்பவும் இப்படித்தான் டாக்டர், ஜோக் அடிச்சுக்கிட்டே இருப்பான். எடுப்பா.”

இத்தனை வருஷமும் குடித்துவிட்டுக் குடிக்கவில்லை என்றபோது நம்பிய உலகம், குடிக்காமல் குடித்தேன் என்றபோது நம்பவில்லை.

“ஜோக் இல்லை சார். பாட்டில் வீட்ல இருந்துது. கை நிக்கலை. முழுசும் குடிச்சுட்டேன்.”

மேனேஜரின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது. வெளியே ஒரு குழந்தை இருமிக்கொண்டிருந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார், இப்போது நேராக.

“எப்போ?”

“செவ்வாய்க்கிழமை சாயங்காலம், டாக்டர்.”

“செவ்வாய்க்கிழமையா?” என்றார். அந்தக் கிழமைக்கு அர்த்தம் அந்த அறையில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். மேனேஜர் பக்கம் திரும்பினார். “ஏன் சார், இப்படிப்பட்ட ஆள் கையில பாட்டிலைக் கொடுத்து அனுப்பறீங்களே, உங்களுக்கு அறிவு இருக்கா? இனிமே உங்க கம்பெனியிலேர்ந்து எனக்கு எந்தப் பாட்டிலும் வேண்டாம். நெக்ஸ்ட் பேஷன்ட்.”

பாண்டி பஜார் முனைவரைக்கும் வந்தபிறகு மேனேஜர், “மத்தவங்க கிட்ட திருடினா ஒரு நியாயம் இருக்கு. டாக்டர்கிட்டயாடா?” என்றார். எனக்கு வாய்ப்புக் கொடுத்தால் இன்னும் ஏதாவது ஜோக் அடித்துவிடுவேன் என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டேன். திங்கட்கிழமை மெமோ வந்தது. ஒழுக்கக்கேடு, கம்பெனிப் பொருளைக் கையாடியது. அந்த வருஷ இன்கிரிமென்ட் நிறுத்தம். கம்பெனிக் கணக்கில் வராத பொருளை எப்படிக் கையாட முடியும் என்று கேட்க ஆசைதான். மற்ற ரெப்புகள் கிளினிக் வாசல்களில், “இன்னா மச்சி, டாக்டர் சரக்கையே அடிச்சிட்டியாமே?” என்று கட்டிப்பிடித்தார்கள். அவர்கள் மத்தியில் என் மதிப்பு உயர்ந்தது என்றே சொல்ல வேண்டும்.

மனைவியிடம் மெமோவைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். “குடிச்சப்பல்லாம் ஒரு மெமோ வரலை” என்று மட்டும் சொல்லிவிட்டு அதை மடித்துத் தன் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டிக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, கூட்டம் தொடங்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது டாக்டர் உள்ளே வந்தார். தயங்கவில்லை. இந்தத் தடவை சட்டையை உள்ளே விட்டிருந்தார். வார்டில் ரவுண்ட்ஸ் வருபவர் போல நேராக என் பெஞ்சுக்கு வந்து, அந்தக் குட்டி இடத்தில் ஒடுங்கி உட்கார்ந்து, என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார்.

“அன்னிக்கப்புறம் குடிச்சியா?”

“இல்லை.”

“பொய் சொல்லாத. வீட்ல தெரியுமா? ராத்திரி தூங்கறியா? முழு பாட்டில்யா, ஒரே சாயங்காலத்துல! செத்துப்போயிருப்ப. நாலு நாளா அதே நினைப்பு எனக்கு.”

நான் விழுந்துவிட்டேன் என்று நம்பி என்னைத் தூக்கிவிட வந்திருக்கிறார். தனக்காக வர முடியாத மனுஷர், நோயாளிக்காக வந்துவிட்டார். இப்படியே விட்டால் வாராவாரம் என்னைப் பார்க்க வருவார், வந்துவந்து பழகிவிடும். உண்மையைச் சொன்னால் எழுந்து போய்விடுவார், போனால் மறுபடி வருவாரா? எதிர் பெஞ்சில் எஞ்சின்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் என்னோடு அலையில் நின்றவர். ஒரு வார்த்தை உதவி செய்யக் கூடாதா? செய்யவில்லை. அந்த அறையில் ஒருவர் பொய்யை இன்னொருவர் திருத்த மாட்டார். நாமேதான் திருத்திக்கொள்ள வேண்டும்.

மேனேஜர் முன்னால் பொய் சொல்ல வந்த தைரியத்தில் பாதிகூட இப்போது வரவில்லை.

“நான் குடிக்கலை” என்றேன். “கடல்ல ஊத்திட்டேன்.”

டாக்டர் என் நாடியை விட்டார். “ஊத்திட்டியா?”

“ஆமாம்.”

“அப்ப அன்னிக்கு எதுக்கு அப்படிச் சொன்ன?”

நான் கரும்பலகையில் இருந்த வாய்ப்பாட்டைப் படிக்க ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பதில் அவருக்கே கிடைத்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. எழுந்துகொள்ளப் பெஞ்சில் கையை ஊன்றினார். ஊன்றிய கை அப்படியே நின்றது.

“முழுசுமா ஊத்தின?”

“முழுசும்.”

“எத்தனை வருஷத்து சரக்கு?”

“பதினெட்டு.”

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். அடிவயிற்றிலிருந்து வந்தது: “ஐயோ... பாவி!”

எஞ்சின்காரர் முதலில் வெடித்தார், அப்புறம் பின் பெஞ்சு, அப்புறம் அறை முழுவதும். கண்ணில் நீர் வழியச் சிரித்தார்கள். சிரிக்காதவர் ஒருவர்கூட இல்லை, ஏனென்றால் அந்த ‘ஐயோ’வை மனதுக்குள் சொல்லாதவர் ஒருவர்கூட இல்லை. டாக்டர் திகைத்துப்போய்ச் சுற்றிலும் பார்த்தார்.

“எடம் வுடுங்கப்பா” என்றார் எஞ்சின்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “இவரு சாட்சாத் நம்ம ஆளு.”

“நான் இவனைப் பாக்க வந்தேன்” என்றார் டாக்டர்.

“நான் எங்க ஆத்தாவுக்கோசரம் வந்தேன் சார். அதோ அவரு மாமியார் அடிச்சித் தொரத்தி வந்தாரு. யாரும் சொந்தக் கால்ல வரல. குந்துங்க, டீ வருது.”

டாக்டர் ஊன்றிய கையை எடுத்தார். உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டார். கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தன் பேரைச் சொன்னார். பேரை மட்டும்.

அதன் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமையும் அவர் தவறவில்லை. மார்ச் வாக்கில், பேனா பிடித்த கையைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை தேவைப்படவில்லை என்பதைக் கிளினிக்கில் பார்த்தேன். அந்த மாதமே ஒரு நாள் என்னை மட்டும் உட்காரவைத்து, “இதைக் கேளு. இனிமே உங்க கம்பெனி மருந்து நான் எழுதப் போறதில்லை. உன் மேல வருத்தம் இல்லைய்யா. அங்க உன் பக்கத்துல உக்காந்துட்டு இங்க உன் மருந்தை எழுதினா, எதுக்கு எழுதறேன்னு எனக்கே தெரியாமப் போயிடும்” என்றார். நியாயம்தான். மூன்றில் ஒரு பங்கு விற்பனை அந்த நியாயத்தோடு போனது.

விற்பனைக் கூட்டத்தில் மேனேஜர் என் ஏரியாவின் விற்பனைக் கோட்டுப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். கோடு அடையாறு ஆற்றில் குதிப்பது போல இறங்கியிருந்தது. எல்லோரும் போன பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஏம்பா, அந்த பாட்டில் விஷயத்துல டாக்டருக்கு இன்னும் கோவம் தீரலையா?”

“தீரலை சார்.”

“நான் வேணும்னா நல்லதா இன்னொண்ணு வாங்கி அவர் வீட்டுக்கே அனுப்பட்டுமா?”

“வேண்டாம் சார்” என்றேன். “எங்க வெச்சாலும் மோப்பம் புடிச்சு வந்து அதையும் நான் குடிச்சுடுவேன்.”